ஒரே விலை

இரண்டு கால்பந்து கிளப்புகளின் முதலாளிகளிடமும் பணம் கொட்டிக் கிடந்தது. ஆனால் அந்த ஆண்டுச் செலவு, கிளப்புகளுக்கு லீக் விதித்திருந்த வரம்பைத் தாண்டியிருந்தது. கணக்கில் லாபம் காட்டாவிட்டால் தண்டனையாக அணியின் புள்ளிகள் போய்விடும். அதனால் ஆளுக்கு ஒருவராகச் சிறுவயதிலிருந்து தாங்களே வளர்த்த ஆட்டக்காரர்களான இவோவையும் ஹென்ரிக்கையும் ஒரே விலைக்கு ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்டார்கள். விற்ற விலை முழுவதும் இந்த ஆண்டு லாபம். வாங்கிய விலையை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவாக எழுதிக்கொள்ளலாம்.

இனி ஒருவர் வீட்டில் மற்றவர் குடியிருப்பதாக ஏற்பாடு. வீட்டுச் சாவிகளை மாற்றிக்கொள்ள இருவரும் நெடுஞ்சாலையோரக் காப்பிக் கடையில் சந்தித்தார்கள்.

“உன்னை ஆட விடுவாங்களா?” என்று இவோ கேட்டான்.

“உங்க கோச்சுக்கு நான் வர்றதே தெரியாதாம். டிவியில பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாராம். உன்னை?”

“அங்க என் இடத்துல ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க.”

ஹென்ரிக் தலையாட்டினான். கோபம் வரவேண்டிய இடத்தில் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

“மேட்ச் அன்னைக்கு ஜன்னலைச் சாத்திடு,” என்றான் இவோ. “மைதானத்துச் சத்தம் வீட்டுக்குள்ள கேக்கும். ஆடாம உக்காந்திருந்தா கஷ்டமா இருக்கும்.”

காரை எடுத்ததும், பழக்கத்தில், இவோ வந்த வழியிலேயே திரும்பினான். முன்னால் ஹென்ரிக்கின் கார் இவோவின் பழைய வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தப்பான பாதை என்று புரிந்த பிறகும், திரும்பிப் போகக்கூடிய அடுத்த திருப்பத்தையும் தாண்டி, அந்தக் காரின் பின்னாலேயே போனான்.