மேலேயிருந்து வரும் அளவு

கொட்டாஞ்சேனையில் உள்ள அந்தப் பெயின்ற் கம்பனியின் முற்றத்தில் அன்று பின்னேரம் இருந்தவர்கள் இரண்டே பேர்: பம்புக்குப் பக்கத்தில் சுப்பர்வைசர் ஹியூபேட், தின்னர் டாங்கியின் மேலே ஜெனிஸ்டன். தின்னர் கொண்டுவந்த பவுசர் லொறியின் டிரைவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான்.

டாங்கி நிரம்பும்போது அடிக்கிற அலாரம் பழுதாகி மாதக்கணக்காகிறது. அதைத் திருத்தாமல் ஹியூபேட் ஜெனிஸ்டனை மேலே ஏற்றிவிட்டார். மூடியைத் திறந்து குனிந்து பார்த்து, நிரம்ப இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று கீழே கத்துவதுதான் அவன் வேலை. தின்னர் நெடி மண்டைக்குள் ஏறும்.

அன்று தலை சுற்றியதும் ஏணியால் இறங்கி வந்து ஓடிக்கொண்டிருந்த பம்பின் சுவிச்சில் கை வைத்தான்.

"அலாரத்தைத் திருத்துங்கோ அண்ணன். இனி நான் ஏறமாட்டன்."

"கையை எடடா. ஏறாட்டி வீட்ட போ."

வீட்டில் அவன் மனைவி டெனிஷா பிள்ளைத்தாய்ச்சி. ஹியூபேட்டுக்கும் அது தெரியும்.

"நான் போனா ஆர் அளவு சொல்லுறது? வழிஞ்சு பத்தினா பக்கத்து வீடெல்லாம் எரியும்."

"ரெண்டு அடி!" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது.

அது, கீழே நின்ற ஜெனிஸ்டனின் குரலேதான். இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டாங்கியின் மேல் யாரும் இல்லை. மூடி திறந்தபடி இருந்தது.

"ஒரு அடி!"

ஹியூபேட் ஜெனிஸ்டனின் கையைச் சுவிச்சிலிருந்து தட்டிவிட்டார்.

"காணும், நிப்பாட்டுங்கோ!"

ஹியூபேட் பம்பை நிறுத்தினார். ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. அவர் ஜெனிஸ்டனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அவனுக்குத் தலை சுத்தாது போல. சம்பளமும் கேக்கமாட்டான். நீ போ தம்பி."

பிடரியில் பிடித்து அவனை ரோட்டுக்குத் தள்ளி, கதவைச் சாத்தி, உள்ளே பூட்டைப் போட்டார்.