உப்புத் தட்டுப் பள்ளிக்கூடம்

தட்டு நிறைய உப்பைக் கொட்டி, அதில் விரலால் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தான் வாத்தியார்.

வாத்தியார் என்பது அவள் வைத்த பட்டப்பெயர். கட்டிய புருஷன்தான். வீட்டிலேயே கணினியைத் தட்டிக் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது அவன் பிழைப்பு. பள்ளிக்கூட வாசலைப் பார்த்தாலே மகளுக்கு வாந்தி வருகிறது என்று நிறுத்திவிட்டு, இனி நானே சொல்லித்தருகிறேன் என்று கிளம்பியவன்.

அவள் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்ததே இந்தக் கூத்தைக் கண்ணால் பார்க்கத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு, சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி.

அடுத்த வாரம் அவள் விமானம் ஏறுகிறாள். வெளிநாட்டில் நர்ஸ் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். அது முடியும்வரை ஆறு வயசு வாண்டு இவனிடம் இருப்பதா, விடுதிப் பள்ளிக்குப் போவதா? இடம் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள் என்று விடுதியில் சொல்லியிருந்தார்கள்.

மனசுக்குள் அவள் வாண்டுக்கும் சேர்த்து எப்போதோ பெட்டி கட்டியாகிவிட்டது.

உப்பில் ஒரு எழுத்து வந்தது. தட்டை ஒரு ஆட்டு ஆட்டினான், போய்விட்டது. எழுதினது எங்கே என்று கேட்டாள். அழிச்சாச்சு, மறுபடி எழுதுவோம் என்றான். படித்ததற்கு அடையாளம்கூட மிஞ்சாத படிப்பு.

அடுத்தது கணக்கு. முட்டை அட்டையில் பாட்டில் மூடிகளைப் பத்துப் பத்தாக அடுக்க வேண்டுமாம். தெருவில் பொறுக்கியதா என்றாள். கழுவிட்டோம் என்று வாண்டு பெருமையாகச் சொன்னது.

பிறகு மணி பார்க்கும் பாடம். அட்டையில் வட்டம் வெட்டி, ஊசி குத்தி, இரண்டு முள் மாட்டியிருந்தான். ஊசி லொடலொடத்துப் போனதில், எத்தனை மணி வைத்தாலும் இரண்டு முள்ளும் தொங்கி ஆறரைக்கு வந்து நின்றன. இந்த வீடு உருப்பட்ட மாதிரிதான் என்று அவள் முனகியது அவனுக்குக் கேட்டது. கேட்காத மாதிரி ஊசியைத் திருகிக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே, அவளுடைய பழைய காலுறை ஒன்று வந்தது. அதற்குள் எதையோ போட்டு வைத்து, கையை விட்டுத் தடவிப் பார்த்து என்னவென்று சொல்ல வேண்டுமாம். இந்தக் கண்றாவிக்கு மர்மப் பை என்று பேர் வேறு.

வாண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எலுமிச்சை என்றது. வெளியே வந்தது உருளைக்கிழங்கு. அதற்கும் கைதட்டினான் அந்த மனுஷன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைக்கு இதே வயசுதான், பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. இங்கே உருளைக்கிழங்குக்கும் எலுமிச்சைக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அதற்கு ஒரு கைதட்டல்.

கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. சோறு போடுவான், சிரிக்க வைப்பான், சரி. அதற்கு மேல் எதை நம்பி இந்த ஆளிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போவது?

மூடி ஒன்று உருண்டு கணினி மேஜைக்கு அடியில் போனது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

மேஜையின் உள்பக்கக் காலில் கம்பளி நூல்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. மும்மூன்று புரியாகப் பின்னியிருந்தார்கள். பின்னல் என்று மரியாதைக்குச் சொல்லலாம். ஒன்று முறுக்கிக்கொண்டு கோணியது. ஒன்று பாதியிலேயே பிரிந்து பல்லை இளித்தது. ஒன்றில் நூல் எது, முடிச்சு எது என்றே தெரியவில்லை.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. கொத்தாக அவிழ்த்துக் கொண்டுவந்து அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். எழுத்துத்தான் ஏறவில்லை, கணக்குத்தான் வரவில்லை, மூன்று நூலைப் பின்னுவதற்குக்கூடப் பிள்ளைக்குச் சொல்லித்தரத் துப்பில்லையா என்று பொரிந்து தள்ளினாள். விடுதிக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று ஃபோனையும் கையில் எடுத்துவிட்டாள்.

அவன் காது சிவந்துபோனது.

வாண்டுதான் பேசியது.

“அது என்னோடது இல்லம்மா, அப்பாவோட வீட்டுப்பாடம். நீ டூட்டிக்குப் போனதும் நாந்தான் சொல்லிக்குடுக்கிறேன், அப்பாவுக்கு இன்னும் சரியா வரல.”

அவள் நூலைப் பார்த்தாள். பிறகு வாண்டின் தலையைப் பார்த்தாள். வழுவழுவென்று வாரிய ரெட்டைச் சடை. முடி வளர்ந்த நாளிலிருந்து தினம் காலையில் அவள்தான் போட்டுவிடுகிறாள். இந்த வீட்டில் வேறு யாருக்கும் போடத் தெரியாது.

எதையும் வெளியே காட்டிக்கொள்கிற ரகமில்லை அவள்.

ஃபோனை மேஜைமேல் வைத்தாள். வாண்டைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்து, இரண்டு சடையையும் மளமளவென்று பிரித்துப் போட்டாள். சீப்பைக் கொண்டுவந்து புருஷன் கையில் திணித்தாள்.

அவன் அதை உச்சியில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தான். வாண்டு வீல் என்று கத்தியது.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“நுனியிலேருந்து சிக்கெடுக்கணும், அதுகூடத் தெரியல. ஒரு வாரந்தான் இருக்கு, அதுக்குள்ள ரெட்டைச் சடை வந்தாகணும் உங்களுக்கு.”