இன்னும் நாலு புடவை

"அந்த மாமி இன்னிக்கும் வந்தாச்சு சார்" என்று கீழ்த்தளத்திலிருந்து போன் வந்ததும் ஆனந்தகிருஷ்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

கிழக்கேகோட்டையில் அது நாலு மாடி ஜவுளிக்கடை. இரண்டாம் மாடிப் பட்டுப் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். வந்திருப்பது வலியசாலை பத்மஜா மாமி. செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள்.

மே மாதம் பிறந்ததிலிருந்து, வெயில் உச்சிக்கு வந்தால் மாமி கடைக்கு வந்துவிடுவாள். குடையை மடக்கிவிட்டு வெள்ளை மெத்தையில் சம்மணம் போடுவாள். ஐம்பது புடவையை விரிக்கச் சொல்லிப் பார்ப்பாள். நாலு மணிக்கு வெயில் தணிந்ததும் எழுந்து போவாள். இதுவரை ஒரு கர்ச்சீப்கூட வாங்கினதில்லை.

திருவனந்தபுரத்து மே மாதத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு, ஓசியில் ஏசியும் இஞ்சி தட்டிப் போட்ட நீர்மோரான சம்பாரமும் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது கௌசல்யாவை அவள் படுத்துகிற பாடு.

கௌசல்யா சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். தினமும் மாமிக்குப் புடவை காட்டும் தலையெழுத்து அவளுக்குத்தான்.

இன்று இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று போனார்.

மாமி இரண்டு டம்ளர் சம்பாரம் வாங்கி வைத்திருந்தாள். எதிரே மெத்தையில் கௌசல்யா, புடவைக் குவியலுக்கு நடுவில் முகம் மட்டும் தெரிந்தது.

"மாமி, இன்னிக்காவது ஏதாவது எடுக்கறேளா?"

"பார்த்துண்டிருக்கேன் இல்லியோ?"

"பதினெட்டு நாளாப் பார்த்துண்டிருக்கேள்."

"பட்டாக்கும் சாரே. ஓடற ஓட்டத்தில வாங்கற சாதனமா?"

பக்கத்தில் கல்யாணப் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். ஆனந்தகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"நேராவே கேக்கறேன். ஏசிக்குத்தானே வரேள்?"

"ஆமாம், ஏசிக்குத்தான் வரேன்." மாமி கொஞ்சமும் குரலைத் தாழ்த்தவில்லை. "எங்காத்து ஃபேன் அனலைன்னா வீசறது. இங்கே குளுகுளுன்னு இருக்கு. சம்பாரமும் கொள்ளாம், நன்னாத்தான் இருக்கு. இன்னிக்கு உப்புத்தான் ஒரு கல்லு கம்மி."

கல்யாண வீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் சிவந்தது.

"அந்தப் பொண்ணைக் கொஞ்சம் பாருங்கோ மாமி. விரிச்சதை எல்லாம் அவதான் மடிக்கணும். உங்க பொழுது போகணும்னு அவ என்ன பாவம் பண்ணினா? கௌசல்யா, நீ எழுந்து பில்லிங் பக்கம் போய் நில்லு. மாமிக்கு நான் காட்டறேன்."

கௌசல்யா எழுந்திருக்கக் கையை ஊன்றினாள்.

"உட்காருடி" என்றாள் மாமி.

அதட்டலில் அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு இவதான் காட்டணும். வேற யார் காட்டினாலும் பிடிக்காது."

"அவ உங்காத்து வேலைக்காரி இல்லை மாமி."

"எத்தனை புடவை வேணாலும் பார்க்கலாம், வாங்கணும்னு நிர்பந்தமில்லைன்னு வாசல்ல போர்டு வெச்சது நானா, நீங்களா? முப்பத்தொரு வருஷம் ஃபைல் பார்த்தவ நான். என்னை வரவேண்டாம்னு சொல்லணும்னா ஒரு பேப்பர்ல எழுதி, ஒப்புப் போட்டு, கடை சீலும் குத்தித் தாங்கோ. இப்பவே குடையை எடுத்துண்டு போயிடறேன்."

எழுதிக் கொடுக்க அவருக்கு ஏது அதிகாரம்? கௌசல்யா பக்கம் திரும்பினார்.

"நீ பயப்படாமச் சொல்லும்மா. உனக்கு இவாளால தொந்தரவுதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு போதும். மேனேஜரைக் கூட்டிண்டு வந்து நாளையிலேர்ந்து வரவிடாம ஆக்கிடறேன்."

கௌசல்யா மாமியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"இல்ல சார். இன்னும் நாலு சேலை காட்டிருதேன்."

பாவம், மிரண்டு போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சிலருக்கு நல்லது செய்ய வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தெரிவதில்லை.

"மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்கு மாமி."

"இருக்கட்டும். அந்த மாம்பழக் கலரை எடுடி."

இதற்கு மேல் பேசினால் தனக்குத்தான் மரியாதை போகும் என்று ஆனந்தகிருஷ்ணன் நகர்ந்தார். போகிற வழியில், காலையிலிருந்து நின்று களைத்த இன்னொரு பெண் அலமாரியில் லேசாகச் சாய்ந்திருந்தாள்.

"ஏய், நேரா நில்லு. கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பா? சாயறதுக்கா சம்பளம்?"

அவள் விறைத்து நின்றாள். அந்த மாடியில் பெண்களுக்கென்று கிடந்த இரண்டு ஸ்டூலையும் போன மாதம் எடுக்கச் சொன்னதே அவர்தான். யாராவது பட்டு பார்க்க வந்தால் மட்டும், அவர்களுக்கு எதிரே மெத்தையில் உட்கார்ந்து காட்டலாம்.

அவர் படியிறங்கும் வரை பத்மஜா மாமி அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"புகார் எழுதித் தரேன்னா வேலை போயிடும்னு அழறே. சரி, வேண்டாம். வீங்கின காலை நன்னா நீட்டி, மேல அந்தப் புடவையை விரிச்சு மூடிக்கோ. நாலு மணி வரைக்கும் எவன் வந்தாலும் நான் எழுந்திருக்கறதா இல்லை."