கேப்டனுக்குரிய மரியாதை

போர்க்கப்பல் பிளிமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு கேப்டன் டிரெகென்னாவுக்குக் காது மட்டும் விழித்துக்கொண்டது. கண்ணும் நாக்கும் அசைய மறுத்தன. கப்பலின் பாய்மரத் துணி தைக்கும் பென்ரோஸும் ஜோரியும் பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மெதுவாப் பேசுடா ஜோரி, கேப்டன் காதுல விழப்போகுது!"

"போங்கண்ணே! முங்குறதுக்குக் காலடியில பீரங்கிக் குண்டு ரெண்டையும் வச்சாச்சு. கடல்ல போடவேண்டியதுதான் பாக்கி."

செத்துவிட்டதாக நினைத்துப் பாய்த்துணிக்குள் வைத்துத் தைப்பது தன்னைத்தான் என்று கேப்டனுக்குப் புரிந்தது. நல்லவேளை, கடைசித் தையலை மூக்கில் போடுவது வழக்கம், உயிரிருந்தால் அலறட்டும் என்று. அந்த ஊசிக்காக வாழ்க்கையில் முதல் தடவையாக ஏங்கினார்.

"மூக்குல குத்தணுமேண்ணே?"

"சாதாரண மாலுமியாவே இருந்திருந்தா குத்தியிருப்பேன். முப்பது வருசம் உழைச்சுக் கேப்டனானவருடா, பாவம். மரியாதை வேணாமா?"

பென்ரோஸ் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம் கேட்டது.