இசக்கி இல்லாத நாற்பது நிமிடம்

பலகையில் இருந்த ஏழாம் எண்ணை அவள் கட்டைவிரலால் அழித்தாள்.

மை முழுதாகப் போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

அரையிறுதி தொடங்க இருபது நிமிடம். அவள் பயிற்சி கொடுக்கும் கல்லூரிப் பெண்கள் எட்டுப் பேரும் பாஸ்கெட்பால் மைதானத்து ஓரமாகச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏழாம் எண் இசக்கியம்மாள். எதிரணியில் எவள் அதிகம் பந்து போடுகிறாளோ அவளை மறித்து நிற்பது இசக்கியின் வேலை. இரண்டு வருடமாக வேறு யாரும் அதைச் செய்ததில்லை.

நேற்றுக் காலிறுதியில் குதித்து இறங்கியபோது இசக்கியின் முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. ஜவ்வு கிழிந்துவிட்டது, ஒன்பது மாதம் ஓடக் கூடாது என்றார் டாக்டர்.

அதை அவர் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னதில் அவளுக்குக் கோபம். அவ்வளவு உயரம் குதித்த இசக்கி மேல் கோபம். ஷூ கயிற்றை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டும் பெனிட்டா மேல் கோபம்.

இன்றைய எதிரணியில் ஒரு பதினோராம் எண் இருந்தாள். தனி ஆளாக முப்பது பாயிண்ட் போடுகிறவள்.

"மொத பத்து நிமிஷம் பெனிட்டா அவளப் பிடிக்கணும். அடுத்த பத்து சுபைதா. உங்களத் தாண்டிட்டான்னா வடிவு முன்னால வந்து மறிக்கணும். வடிவு விட்ட எடத்துக்குப் பக்கத்துல நிக்கவ ஓடணும். வெளங்குதா?"

தலையாட்டினார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் பதினோராம் எண் பெனிட்டாவைத் தாண்டினாள். வடிவு முன்னால் வந்தாள். வடிவு விட்ட இடத்துக்கு யாரும் ஓடவில்லை.

மறுபடியும் அதே.

மறுபடியும்.

சுபைதா உள்ளே போனாள். பதினோராம் எண் அவளையும் தாண்டினாள்.

இடைவேளையில் பதினேழு பாயிண்ட் பின்னால் இருந்தார்கள்.

பயிற்சியாளரான அவள் தண்ணீர்ப் பாட்டிலை எத்தினாள். அது உருண்டு போய் நடுவரின் மேசைக்கடியில் நின்றது.

"இசக்கி ஒருத்தி செஞ்ச வேல. ரெண்டு பேரு மாத்தி மாத்திப் போயும் செய்ய முடியல. எதுக்கு வந்தீங்க? பஸ் ஏறி ஊரு பாக்கவா?"

பெனிட்டா எழுந்து நின்றாள். அவள் முழங்கையில் ரத்தம் வழிந்திருந்தது.

"நேத்து நம்ம இருவத்தாறு பாயிண்ட் முன்னால இருந்தோம் மேம்."

குரல் உயரவில்லை.

"மூணு நிமிஷந்தான் பாக்கி. அவள ஏன் வெளிய எடுக்கல?"

பெஞ்சின் கடைசியில் இசக்கி இருந்தாள். கட்டுப் போட்ட காலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் நீட்டியிருந்தாள்.

"சும்மா இருட்டி," என்றாள்.

பெனிட்டா உட்காரவில்லை.

நேற்றுக் காலை, சாப்பாட்டுக்கூடத்தில், காலிறுதியில் எதிர்த்து ஆடவிருந்த அணியின் கோச் இவர்களைப் பார்த்துவிட்டுத் தன் பிள்ளைகளிடம் சொன்னான்: உப்பளத்துப் பிள்ளைங்க, இப்பதான் ஷூவே போடப் பழகுதுங்க. அவர்கள் சிரித்தார்கள். அவள் கையில் இட்லித் தட்டோடு நின்றிருந்தாள்.

முப்பது பாயிண்டில் ஜெயிக்க வேண்டும் என்று அப்போது முடிவு செய்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் இசக்கி இரண்டு முறை முழங்காலில் கை ஊன்றி பெஞ்சைப் பார்த்தாள்.

இவள் நான்கு விரலைக் காட்டினாள். இன்னும் நாலு பாயிண்ட்.

எட்டுப் பேரும் அதைப் பார்த்திருந்தார்கள்.

இப்போது அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவதென்று தெரியவில்லை.

"நாந்தான் எடுக்கல," என்றாள்.

பரவாயில்லை என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

இசக்கி அவள் பக்கம் திரும்பவே இல்லை. பெனிட்டாவிடம்தான் பேசினாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல இருந்தது.

"அந்தப் பதினொண்ணுக்கு எடது கை வராது. வலது பக்கத்த அடச்சிட்டு நில்லு. எடது பக்கம் போனா போவட்டும், தானா கோட்ட விடுவா. பத்து நிமிஷம் ஓடுனா உனக்கு மூச்சு வாங்குது. அஞ்சுலயே வெளிய வா."

கடைசிச் சொற்கள் யாருக்கு என்று அவளுக்குத் தெரிந்தது.

பலகையை எடுத்துப் புதிதாக எழுதினாள். பெனிட்டா, சுபைதா, இதுவரை உள்ளே இறக்காத சின்னவள் ஜெபா. ஆளுக்கு ஐந்து நிமிடம். மூச்சு வாங்குகிறவள் கையைத் தூக்கினால் உடனே மாற்று.

பெனிட்டா கை தூக்கினாள். மாற்றினாள்.

ஜெபா இரண்டே நிமிடத்தில் தூக்கினாள். மாற்றினாள்.

இரண்டாம் பாதியில் பதினோராம் எண் போட்டது ஆறு பாயிண்ட். கடைசியில் அவள் பந்தைத் தரையில் ஓங்கி அடித்து நடுவரிடம் திட்டு வாங்கினாள்.

மூன்று பாயிண்டில் தோற்றார்கள்.

பெண்கள் அழவில்லை. இசக்கியைச் சுற்றிப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். இவள் தனியாகப் பந்துகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டாள்.

வெளிவாசலில் இசக்கியின் அம்மா நின்றிருந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கால் வெடிப்புகளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. கையில் துணிப்பை, மகளுக்கு மாற்றுடை.

கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பாளர் இவளுக்கு முந்தி அம்மாவிடம் போய்விட்டார்.

"வெளாட்டுன்னா அடிபடுறது சகஜம்மா. கவலப்படாதீங்க."

அம்மா அவரைத் தாண்டி இவளைப் பார்த்தாள்.

"எப்படி விழுந்தா மேடம்?"

"தர வழுக்கிருச்சும்மா," என்றார் பொறுப்பாளர்.

இவள் வலைப்பையைக் கீழே வைத்தாள்.

"இல்லக்கா," என்றாள். "வாங்க, இப்படி உக்காருங்க."