பதினோராம் அத்தியாயத்தில் ஒரு பிழை

மூன்றாவது புத்தகத்தை மூடி வைத்ததும் சல்லடைக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

நான்கு மணிக்குள் மதிப்புரையை அனுப்ப வேண்டும். மணி இப்போதே மூன்று பத்து.

கைப்பேசியில் ஒற்றைக் கட்டைவிரலால்தான் அவள் எழுதுவாள். அந்த ஒரு விரலுக்குப் பயந்து, பாதி எழுத்தாளர்கள் ஞாயிற்றுக்கிழமை இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார்கள்.

சல்லடை என்ற புனைபெயரில் எழுதுவது யார் என்று யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற்ற பேராசிரியர் என்றார்கள் சிலர். பொறாமை பிடித்த கவிஞர் என்றார்கள் வேறு சிலர். அச்சில் போடும் ஆசிரியருக்கே ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு மேல் எதுவும் தெரியாது. பெண்ணாக இருக்குமோ என்று மட்டும் நான்கு வருடமாக ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மேதாவிகள்!

கதவைச் சாத்தியிருந்தாள். வெளியே துணி மெஷின் கடைசிச் சுற்றில் தடதடத்துக்கொண்டிருந்தது.

முதல் புத்தகம் காதல். நாயகன் பெரிய கம்பெனி முதலாளி. என்ன கம்பெனி என்று முந்நூறு பக்கம் முடிந்தும் எழுதியவருக்கே தெரியவில்லை. நாயகி மூன்றாம் பக்கத்தில் அவன்மேல் தடுக்கி விழுகிறாள். பத்தொன்பதில் மறுபடியும். நாற்பத்து நான்கில் மாடிப்படியிலிருந்து.

'இந்தப் பெண்ணுக்குத் தேவை காதலன் அல்ல, ஒரு நல்ல செருப்பு' என்று தட்டினாள்.

இரண்டாவது சமூக நீதி. மூட்டை தூக்கும் தொழிலாளி முதலாளிக்கு எதிரே நின்று நான்கு பக்கம் முழங்குகிறார். மூட்டை முதுகிலேயே இருக்கிறது. அதை இறக்கி வைக்க எழுத்தாளருக்கு ஞாபகம் வரவில்லை.

'நீதி அப்புறம் வரட்டும். முதலில் மூட்டையை இறக்குங்கள்.'

நீதி கேட்கிறவர்கள் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. கிட்டத்தில் போய்ப் பார்க்காமலே எழுதுகிறவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாவது இரண்டுங்கெட்டான். இருபது காதல் நாவல் எழுதிய பிரபல எழுத்தாளர் 'சமூகத்தின் பக்கம் பார்வையைத் திருப்பியிருக்கிறார்' என்றது பின்னட்டை. பாவம், சமூகம்.

வீட்டு வேலைக்காரி தரை துடைக்கிற அழகைப் பார்த்து அந்த வீட்டுப் பிள்ளை சொக்கிப்போகிறான். அவளோ வாசலில் ஆரம்பித்து உள்பக்கமாகத் துடைத்துக்கொண்டே போகிறாள்.

'இப்படித் துடைத்தால் கடைசியில் மூலையில் மாட்டிக்கொண்டு, ஈரம் காயும்வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான். எழுத்தாளர் வாழ்நாளில் துடைப்பானைத் தொட்டதில்லை என்பது முதல் வரியிலேயே தெரிகிறது.'

இதுவரை விரல் ஜோராக ஓடியது. பதினோராம் அத்தியாயத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

அந்த அத்தியாயத்தில் வீட்டில் விருந்து. வேலைக்காரியின் ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. வீட்டு எஜமானி விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டு, குழந்தையை அள்ளிக் காரில் போட்டு, தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறக்கிறார். குழந்தை பிழைத்து எழுந்து வகுப்பில் முதலாவதாக வருகிறது.

அவள் ஒரு வரி தட்டினாள். அழித்தாள். இன்னொன்று தட்டினாள். அதையும் அழித்தாள்.

அந்த விருந்து நிஜமாக நடந்தது. அந்தக் காய்ச்சலும் நிஜம். ஆனால் இப்படி நடக்கவில்லை.

எப்படி நடந்தது என்று எழுதினால் போதும், எழுத்தாளருக்குச் சல்லடை யார் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். நான்கு வருட மறைவு போய்விடும். அதோடு சாப்பாட்டுக்கு வழியும் போய்விடும்.

சரி, அந்த அத்தியாயத்தைத் தொடவே வேண்டாம் என்று முடிவு செய்தாள். பயந்தாங்கொள்ளி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தட்டாமல் கொள்ளாமல் கதவு திறந்தது. பின்னட்டையில் சிரித்த அதே முகம், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு நின்றது.

"இங்கயா இருக்கே? நான் குடுத்த புத்தகத்தை யாராச்சும் உனக்குப் படிச்சுக் காட்டினாங்களா? எல்லாம் உன் கதைதான், கேட்டா அழுதுடுவே. சரி, நாலு பேர் வர்றாங்க, டீ போடு."

பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டைத் துடைக்கிறாள். உனக்குப் படிக்கத் தெரியுமா என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. எழுத்தாளர் அம்மாவுக்கு வருகிற இலவசப் புத்தகங்கள், பிரிக்காமலே பழைய பேப்பர் கட்டுக்குப் போகிற வழியில் இவள் அறையில் ஒரு வாரம் தங்கிப்போவதை யாரும் கவனித்ததும் இல்லை.

"இதோ போடறேன்மா," என்றாள்.

செருப்புச் சத்தம் கூடத்துப் பக்கம் போனது. படித்துக் காட்ட வேண்டுமாமே!

கைப்பேசியை எடுத்தாள். இந்தத் தடவை விரல் எங்கும் நிற்கவில்லை.

'பதினோராம் அத்தியாயத்தில் ஒரு தகவல் பிழை. அன்று விருந்து முடியும்வரை கார் வாசலிலேயேதான் நின்றது. எல்லாப் பாத்திரமும் கழுவிக் கவிழ்த்த பிறகே தாய்க்குப் போக அனுமதி கிடைத்தது. அந்தக் குழந்தைக்கு இப்போது பதினான்கு வயது. இடது காது கேட்காது.'

அடியில் எப்போதும் போடுகிற சல்லடையை அழித்துவிட்டு, தன் சொந்தப் பெயரைப் போட்டாள்.

அனுப்பிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள்.