நாற்பத்தெட்டு நாள் கயிறு

“வாயத் தொறந்து சொல்லணும்பா. மனசுக்குள்ள சொன்னா அம்மனுக்குக் கேக்கும், எனக்குக் கேக்காது. எதை வுடணும்னு வந்துருக்க?” என்றார் பூசாரி கண்ணாயிரம்.

“ரம்மி சாமி. போன்ல ஆடுற சீட்டு,” என்றான் நடேஷ்.

பக்கத்தில் நின்ற லலிதாம்பிகை திடுக்கிட்டுக் கணவனைப் பார்த்தாள். இவராவது, ரம்மியாவது! பொங்கலுக்கு மச்சான்கள் மொட்டை மாடியில் சீட்டுக் கட்டைப் பிரித்தாலே, பாயைச் சுருட்டிக்கொண்டு தூங்கப் போய்விடுகிற மனுஷன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், ரோட்டை ஒட்டியே இருந்தது அந்த அம்மன் கோயில். குடியை விட நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, பூசாரி கையால் கயிறு கட்டிக்கொண்டு சத்தியம் செய்துவிட்டுப் போவார்கள். “கயிறு கட்டிக்கிட்டு வந்துரலாம், கெளம்பு” என்று காலையில் நடேஷ் சொன்னபோதே அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. காபியைத் தவிர வேறெதையும் குடிக்காதவருக்கு எதற்குக் கயிறு? கேட்டதற்கு ஒரே பதில்தான் வந்தது.

“இதுலயும் சரியாவலன்னா பாப்பாவக் கொண்டுபோயி சிதம்பரத்துல எங்க அக்கா வூட்டுல வுட்டுடுவேன் லலிதா. அங்கயே படிக்கட்டும்.”

பஸ்ஸில் வந்த நேரமெல்லாம் அந்தப் பேச்சுதான் அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எட்டு வயது மகள் சிவப்ரியா இல்லாத வீட்டை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

“இப்பல்லாம் குடிகாரங்களவிட போன் கேஸுதான் ஜாஸ்தியா வருது,” என்று சலித்துக்கொண்டார் பூசாரி. “கேக்குறதுக்கு மறைக்காம பதில் சொல்லு. வூட்டுக்குத் தெரியாம ஆடுனதா?”

“ஆமா சாமி. பாத்ரூம் கதவச் சாத்திக்கிட்டு. உள்ள பைப்புல தண்ணி மட்டும் ஊத்திக்கிட்டே இருக்கும்.”

“தோத்தா நிறுத்துறதுண்டா?”

“எங்க? வுட்டதப் புடிக்கணும்னு இன்னும் ஜாஸ்தி ஆட்டந்தான்.”

“பொய்யி?”

“நெறைய. மோதிரம் தொலஞ்சிபோச்சுன்னு ஒரு பொய்யி. அது அடகுக் கடையில இருக்கு.”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் கயிறு கட்ட வந்ததையே மறந்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

“என்னாங்க, எதுக்கு இப்டி...” என்று லலிதா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பவில்லை.

“நிறுத்தணும்னு தோணுனதே இல்லியா?” என்றார் பூசாரி.

“தோணாம இருக்குமா சாமி? மூணு தடவ அந்த ஆப்ப அழிச்சாச்சு. மறுநாளே திரும்ப ஏத்தியாச்சு. போன வாரம் ஸ்கூல் வுட்டும் கூப்புட ஆளு போவல. எங்க பாப்பா மஞ்சக்குப்பத்துல ஸ்கூல் வாசல்லயே ஆறு மணி வரைக்கும் நின்னுருக்கு. வாட்ச்மேன்தான் பிஸ்கட் வாங்கிக் குடுத்துருக்காரு.”

லலிதா பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெட்கமா, கோபமா, அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் தன் மானத்தைத் தானே எதற்கு வாங்கிக்கொள்கிறார் இந்த மனுஷன்?

“பொண்டாட்டி பாவம்,” என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

பூசாரி சொன்னார். “இது பெரிய நோவு. கயிறு மட்டும் பத்தாது. பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னு டாக்டரு இருக்காரு, நாளைக்கே போயிப் பாக்கணும். இந்தப் போன ஒதுக்கிட்டு பட்டன் போன் வச்சிக்கணும். மொதல்ல நாப்பத்தெட்டு நாளு. சம்மதமா?”

“சம்மதம் சாமி.”

மஞ்சள் தடவிய கயிற்றை எடுத்துக்கொண்டு, “வலது கைய நீட்டுப்பா” என்றார் பூசாரி.

நடேஷ் தன் கையை நீட்டவில்லை.

“பொம்பளைங்களுக்கு எடது கைதான சாமி?” என்று கேட்டுக்கொண்டே, மனைவியின் இடது கையை மெல்லப் பிடித்து அவர் முன்னால் நீட்டினான். லலிதா கையை இழுத்துக்கொள்ளவில்லை.